மலையேறும் கயிற்றில் ஒரு தூளி

எங்கள் கல்லூரியில் மலையேற்றக் கழகம் ஒன்று இருந்தது. மலைதான் இல்லை. சுற்றிலும் நெல்வயல், அதைத் தாண்டி ஒரு ரைஸ் மில், மில்லுக்கு மேல் புகைபோக்கி. கண்ணுக்கெட்டிய வரை உயரமான பொருள் அந்தப் புகைபோக்கிதான். அதில் ஏற மில்காரர் சம்மதிக்கவில்லை.

கழகம் வந்த கதை எளிது. ஏதோ ஒரு திட்டத்தில் எங்கிருந்தோ ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே நீல நிறத்தில் பெரிய கயிற்றுச் சுருள், இடுப்பில் கட்டும் பட்டைகள், அகல நாடாக்கள், காரபினர் என்ற பெயரில் வாயைத் திறந்து தானே மூடிக்கொள்ளும் இரும்பு வளையங்கள். பெட்டி வந்துவிட்டதால் கழகம் தொடங்க வேண்டியதாயிற்று. செயலாளர் பதவிக்கு நின்றவன் தண்டபாணியாகிய நான் ஒருவன்தான். எனக்கு எதிராகவும் இரண்டு ஓட்டு விழுந்ததாகப் பேச்சு.

அந்தப் பெட்டி முதன்முதலாக வெளியே போனது என் அக்கா கஸ்தூரியின் குழந்தைக்குத் தூளி கட்டுவதற்காக.

அக்காவை உத்திரமேரூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா பார்த்திபன் அங்கே ஓர் உரக்கடையில் வேலை பார்த்தார். ஊருக்கு வெளியே, முந்தின போகம் வரை நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டுப் பிரித்த மனைகளில் ஒன்றை வாங்கி வீடு கட்டினார். அந்த நகரில் தென்றல் தெரு, சோலைத் தெரு, பூங்காத் தெரு எல்லாம் உண்டு. மரம் கிடையாது. திறப்பு விழா அன்று வரிசையாக வேப்பங்கன்று நட்டார்கள். மறுநாள் ஆடுகள் வரிசையாக வந்தன. ஆகவே அந்த நகரில் எதைக் கட்டித் தொங்கவிடுவதானாலும் வீட்டுக்குள்தான் தொங்கவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் தளம் போடும்போது, கம்பி கட்டி முடித்த பிறகு, கலவை கொட்டுவதற்கு முன்னால், மேஸ்திரி ஒரு கேள்வி கேட்பார். அதை வீட்டுக்காரரிடம் கேட்க மாட்டார், வீட்டுக்காரியிடம்தான் கேட்பார். தானியேல் மேஸ்திரியும் கேட்டார்.

"யம்மா, தூளிக் கொக்கி எங்க வுடட்டும்?"

அப்போது அக்காவுக்குக் கல்யாணமான புதிது. தலையைக் குனிந்துகொண்டே கிழக்கு ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தைக் காட்டினாள். அங்கே காற்று வரும், நேராக முகத்தில் அடிக்காது. மேஸ்திரி விரல் தடிமனுக்கு ஒரு கம்பியை வளைத்து, தளக் கம்பியோடு பிணைத்து, அந்த இடத்தில் கீழ்நோக்கித் தொங்கவிட்டார். சாயங்காலத்துக்குள் அது கான்கிரீட்டோடு சேர்ந்துவிட்டது.

பிறகு ஏழு வருஷம் அது சும்மா தொங்கியது.

அந்த வீட்டுக்கு வருகிற யாரும் முதலில் மின்விசிறியைப் பார்த்ததில்லை. கொக்கியைப் பார்ப்பார்கள், அக்காவின் வயிற்றைப் பார்ப்பார்கள், அதன் பிறகு தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். மாமாவின் சித்தி அம்முலு பார்த்ததோடு நிறுத்துகிற ஆளில்லை. "கொக்கி இன்னும் புச்சாவே கீதே கஸ்தூரி" என்றாள் ஒருமுறை. நலம் விசாரிக்கிற குரல்தான்.

அந்த வாரம் அக்கா வாலாஜாபாத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மாமா ஸ்டூல் போட்டு ஏறி, ஹேக்சா பிளேடால் கொக்கியைத் தளத்தோடு தளமாக அறுத்துவிட்டார். அக்கா திரும்பிப் போனாள். மேலே பார்த்தாள். தரையில் இரும்புத் தூள் கிடந்தது. விளக்குமாறு எடுத்து அதைப் பெருக்கினாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் விட்ட விஷயங்களை வைக்க அந்த வீட்டில் ஓர் அறை கட்டியிருந்தால் ஹாலைவிடப் பெரிதாக வந்திருக்கும்.

அறுத்த மறுவருஷம் அக்கா உண்டானாள்.

பிரசவம் எங்கள் ஊரில். பெண் குழந்தை, அனுஷா. எங்களுடையது ஓட்டு வீடு. விட்டத்தில் அம்மா தன் பழைய நூல்புடவையில் தூளி கட்டினாள். மூன்றாம் மாதம் முடிந்ததும் மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அக்காவையும் குழந்தையையும் அழைத்துப்போக வந்தார். காபி கொடுத்தார்கள். அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அங்க தூளி எங்க கட்டறது?"

மாமா தம்ளருக்குள் பார்த்தார். "எங்கனா கட்டிக்கலாம்."

"எங்கனான்னா? கரண்டு கம்பத்துலயா?"

"கஸ்தூரி, மாப்ள இப்பதான் வந்து குந்திக்கினு கீறாரு" என்றாள் அம்மா.

"குந்தட்டும். நான் இன்னா எயுந்திரிக்கவா சொன்னேன். எடம் எங்கன்னுதான் கேட்டேன்." அக்கா மாமாவை நேராகப் பார்த்தாள். "நீங்க அறுத்தீங்கல்ல, அந்த எடத்துல ஒரு வழி பண்ணிட்டு வாங்க. பொண்ண இட்டுக்கினு வரேன்."

மாமா காபியைக் குடித்துவிட்டுத் தனியாக பஸ் ஏறினார். அவர் போன பிறகு அம்மா, "ஒரு கொக்கிக்கா இவ்ளோ பிடிவாதம்?" என்று கேட்டாள்.

"எனக்குக் கொழந்தையே பொறக்காதுன்னு முடிவு கட்டி அறுத்த எடம்மா அது. அதுக்குக் கீழ இவள எப்படிப் படுக்க வெப்பேன்?"

அம்மா காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் அங்கேதான் இருந்தேன். விடுதியிலிருந்து அழுக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். எனக்குத் துணியைத் தவிர வேறு எதைப் பற்றியும் கருத்து சொல்கிற தகுதி அந்த வீட்டில் கிடையாது.

மாமா முயற்சி செய்யாமல் இல்லை. அறுத்த கம்பியின் முனை துருப்பிடித்து, தளத்தில் தோசை அளவுக்குப் பழுப்புக் கறை படர்ந்திருந்தது. தானியேல் மேஸ்திரி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்க மறுபடியும் தொளச்சீங்கன்னா மயக்காலத்துல வூட்டுக்குள்ள குட புடிக்கணும் சார்" என்றார். அறுத்தது யார் என்று கேட்டார். மாமா ஸ்டூலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரி ஸ்டூலிலிருந்து இறங்கி, வேறு எதையும் கேட்காமல் போய்விட்டார்.

மழை முடியட்டும் என்று பார்த்தார் மாமா. மழை முடிந்தது. அப்புறம் நவரை நெல்லுக்கு மேலுரம் போடுகிற சமயம், கடையில் மூச்சுவிட நேரமில்லை. அதுவும் முடிந்தது. கடைசியில் காஞ்சிபுரத்தில் இரும்பு ஸ்டாண்டு வைத்த தூளி ஒன்றை வாங்கி, என்னிடம் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் அதை நிற்கவைத்ததும் கண்டக்டர், "இது எந்த ஸ்டாப்புல எறங்கும்?" என்று கேட்டார். அக்கா அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"குளுக்கோஸ் ஏத்தற ஸ்டாண்டு மாதிரி கீது. எம்பொண்ணு இன்னா பேஷண்டா? திருப்பி எடுத்துக்கினு போடா."

அதே பஸ். அதே கண்டக்டர். "புடிக்கலியாமா?" என்றார் அனுதாபத்துடன்.

இதற்குள் அனுஷாவுக்குக் கழுத்து நின்றது. குப்புற விழுந்தாள். நீந்துவதுபோல் நகர்ந்தாள். மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் அம்மா வெள்ளந்தியாக, "செவ்வாக்கெயமையே கவுந்துட்டாளே மாப்ள" என்பாள். "வெள்ளிக்கெயம ஒரு பல்லு வந்துச்சி" என்பாள். அந்தக் குழந்தை வாரநாட்களில் மட்டும் வளர்ந்தது. மாமா பிஸ்கட் பொட்டலத்தை வைத்துவிட்டு, அவள் முகத்தில் என்ன மாறியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார். அவர் இருக்கும் நேரம் முழுக்க குழந்தையைத் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டுவார்கள். பிறகு கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

ஒரு ஞாயிறு அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல், "மாமா, எங்க காலேஜ்ல மலையேறற கயிறு கீது. பாறையில தொளை போடாமயே ஆள் தொங்கலாமாம். உங்க தளத்தத் தொடாம தூளி கட்டிரலாம்" என்றேன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மீதியைக் கிண்டலாகச் சொல்ல முடியவில்லை.

"நெஜமாவா?" என்றார்.

பி.டி. சார் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். "எந்த மலைக்குப் போறீங்க?" என்று கேட்டார். "உத்திரமேரூர் சார்" என்றேன். அவர், "கயிறு அறுந்தா எம்பேரச் சொல்லாத" என்றார்.

அந்த ஹாலில் எதிரெதிர்ச் சுவர்களில், தளத்துக்குச் சற்றுக் கீழே, காற்றுக்காக வைத்த சிமெண்ட் ஜாலிகள் இருந்தன. ஜாலி ஓட்டை வழியாக நாடாவை வெளியே விட்டு, வெளிப்பக்கம் ஒரு துண்டுப் பைப்பைக் குறுக்கே கொடுத்து, அதைச் சுற்றி நாடாவை உள்ளே வாங்கிக்கொண்டேன். இரண்டு பக்கமும் அப்படியே. நாடாவில் காரபினர், காரபினரில் நீலக் கயிறு. கயிறு ஹாலின் குறுக்கே, பழுப்புக் கறைக்கு நேர் கீழாகப் போனது. மாமா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்பதற்கு முன்பே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கடையிலிருந்து ஒரு யூரியா மூட்டையைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பழைய புடவையில் சுற்றிக் கயிற்றில் தொங்கவிட்டோம். மூட்டை மெல்ல, மரியாதையாக இறங்கி, தரையில் உட்கார்ந்துகொண்டது.

"இன்னாடா மச்சான் இது, கயிறா ரப்பரா?"

"மலையிலேர்ந்து வுயுறவன் இடுப்பு ஒடியக் கூடாதுன்னு நீளற மாதிரி செஞ்சிக்கிறாங்க மாமா."

"நம்ம வூட்ல யாரு மலையிலேர்ந்து வுயப்போறா?"

கயிற்றை அவிழ்த்தோம். நீளாத நாடாக்களை ஒன்றோடொன்று முடிந்து இரட்டையாக இழுத்துக் கட்டினோம். ஒவ்வொரு நாடாவிலும் அது இரண்டாயிரம் கிலோ தாங்கும் என்று அச்சடித்திருந்தது. அனுஷா எட்டு கிலோ. இந்த முறை மூட்டை அந்தரத்தில் நின்றது. மூட்டையை எடுத்துவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். நானும் நின்றேன். மாமா சுவரில் சாய்ந்து தரையில் அமர்ந்து, என்னை ஒரு தடவை ஆட்டிவிட்டார். நான் பார்த்தவரை அந்த வருஷத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோச்சிக்கக் கூடாது."

"கோச்சிக்கற மாதிரி இருந்தா கேக்காத."

"எதுக்கு அறுத்தீங்க?"

மாமா மூட்டையின் வாயைத் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தார். நான் தூளியிலிருந்து இறங்கப் போனேன்.

"வரவங்க அல்லாரும் அதப் பாத்துட்டு அவளப் பாக்கறாங்க. அவ ஒடனே சமையகட்டுக்குப் பூடுவா. சித்தி அன்னிக்கு அப்டி சொல்லிச்சே, அன்னிக்கு உள்ள போயி ஒரே தம்ளரக் கயுவிக்கினே இருந்தா. கொழாத் தண்ணி போயிக்கினே இருக்குது, அவ கயுவிக்கினே கீறா. பாக்கறதுக்கு ஒண்ணு இல்லாகாட்டி பாக்க மாட்டாங்கல்ல. அதான்."

"இத அக்கா கிட்ட சொன்னீங்களா?"

"இதப் போயி எப்டிரா சொல்றது."

"நீங்க கொழந்தையே பொறக்காதுன்னு முடிவு கட்டி அறுத்துட்டதா அக்கா நெனச்சிக்கினு கீது."

"அப்டியா" என்றார். யூரியா ஸ்டாக் இல்லை என்று யாரோ சொன்னதுபோல. பிறகு எழுந்து ஸ்டூலில் ஏறி, ஏற்கெனவே இறுகியிருந்த முடிச்சை இன்னும் இறுக்கினார். கீழே இறங்க வெகு நேரமாயிற்று.

நான் வாலாஜாபாத்துக்குப் போய், கட்டியாயிற்று என்று அக்காவிடம் சொன்னேன். "அந்த எடத்துலயா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். விட்டத்தில் தொங்கிய தூளியில் துவைத்த துணிகள் குவிந்திருந்தன. அவற்றை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். தூளிக்குள் துணி இருப்பதை நானும் பார்த்தேன். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். மாமா தெருமுனையிலேயே நின்றிருந்தார். கடைக்கு லீவு போட்டிருந்தார். வீட்டைக் கழுவிவிட்டிருந்ததால் தரை இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நாடாவைப் பார்த்தாள், காரபினரைப் பார்த்தாள், அதற்கு மேலே கறையைப் பார்த்தாள்.

"அறுந்துறாதேடா?"

"அறுந்தா வூடே பின்னாடி வந்துரும்" என்றேன்.

மாமா புடவையை விரித்துப் பிடித்தார். அக்கா அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அனுஷாவை உள்ளே படுக்கவைத்தாள். அனுஷா படுத்த வேகத்தில் எழுந்தாள். இரண்டு ஓரங்களையும் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, பஸ் படிக்கட்டில் தொங்குகிறவன்போல வெளியே பார்த்தாள். ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டாள். மாமா தாவிப் பிடித்தார். மறுபடி படுக்கவைத்தார். அவள் மறுபடி எழுந்தாள். மூன்றாம் முறை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டாள்.

"புது எடம். அதான். ரெண்டு நாள்ல பழகிரும்" என்றார் யாரிடமோ.

அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மூலையில் இருந்த பாயைக் காலாலேயே உருட்டி விரித்தாள். அதில் விட்டதும் அனுஷா குப்புறத் திரும்பி, பிட்டத்தைத் தூக்கிக்கொண்டு, கட்டைவிரலை வாயில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள்.

"தூளிய வுட்டுட்டா இவ" என்றாள் அக்கா. "ஒரு மாசமாச்சி. உள்ள போட்டா எயுந்து நிக்கப் பாக்கறா. வுயுந்துருவான்னு அம்மா பாயிலயே போட்டுட்டாங்க."

"நான் வந்தனே. ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம வந்தனே. சொல்லலியே."

"நீங்க எதச் சொன்னீங்க?"

நான் வாசலுக்குப் போனேன். அந்த வீட்டில் வாசலுக்குப் போனாலும் ஹாலில்தான் இருப்போம், அத்தனை பெரிய வீடு. மாமா தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு என்னிடம் சொன்னதையே அக்காவிடம் சொன்னார். அந்தத் தம்ளரைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் நின்றுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"அதுக்கு எண்ண போட்டுக்கினு இருந்தது நான்" என்றாள் அக்கா கடைசியில்.

"எதுக்கு?"

"கொக்கிக்கு. நீங்க கடைக்குப் போனப்புறம் ஸ்டூலு போட்டு ஏறித் தொடச்சி, தேங்கா எண்ண போடுவேன். துரு புடிக்கக் கூடாதுன்னு. சின்னத்த புச்சா கீதுன்னு சொன்னப்ப எனக்குக் கோவமே வரல. நான் வெச்சிருந்த நேர்த்திய ஒருத்தருனா பாத்தாங்களேன்னு இருந்துச்சி. உள்ள போயி அயுதேன், அது வேற. அதுக்குன்னு அத அறுக்கச் சொன்னேனா?"

மாமா ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். பெருக்கித் தள்ளிட்டுக் கம்முனு இருந்துட்டேன். மூணு மாசத்துலயே இவ இங்க வந்திருப்பா. மொதப் பல்ல நீங்க பாத்திருப்பீங்க."

"தூளி வேணாம்னு தெரிஞ்சும் எதுக்கு வந்த?"

"கட்டிட்டீங்கன்னு தம்பி சொன்னான். வந்தேன்."

நான் உள்ளே வந்தபோது இருவரும் பாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏதாவது செய்தாக வேண்டும்போல் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதல் முடிச்சில் கை வைத்தேன்.

"கயட்டாத" என்றார் மாமா.

"காலேஜ் சாமான் மாமா."

"நாளைக்கு எடுத்துக்க. இன்னிக்கு இருக்கட்டும்."

சாப்பிட்டோம். மத்தியானம் வழக்கம்போல் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. புதிதாகக் கழுவிய தரையிலிருந்தும் வெக்கை ஏறியது. அக்கா முந்தானையால் குழந்தைக்கு விசிறினாள், கை ஓய்ந்ததும் பக்கத்திலேயே சாய்ந்து கண்ணை மூடினாள். மாமா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு எதிரே, இரண்டாயிரம் கிலோ தாங்கும் நாடாவில் வெறும் புடவை தொங்கியது. கையை நீட்டி அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்து விட்டார். அது போய் வந்தது. மறுபடி இழுத்து விட்டார். உள்ளே யாரோ தூங்குவதுபோல அவ்வளவு பதமாக.

நான் பார்ப்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். புடவை மெல்ல நின்றது.

"நிறுத்தாதீங்க" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "பாப்பா மேல காத்து வருது."